மோட்டார்ஹோம் ஸ்டீயரிங் வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 7,150 டாலர் பில், செய்யாத அலைன்மென்ட், ஒளித்த பிரேக் கோளாறு

என் 34 அடி மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) நெடுஞ்சாலையில் நேராக ஓடாமல் அலைகிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். ஒன்பது நாள் வைத்திருந்து 7,150 டாலர் வாங்கினார்கள். பில்லில் எழுதியிருந்த வேலையில் பாதியைச் செய்யவே இல்லை. அதைவிடக் கொடுமை, வலது முன் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததைச் சரிசெய்யாமல், வண்டி வலப்பக்கம் இழுப்பது தெரியாதபடி ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டி மறைத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வண்டியில் என் அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிரேப்வைன் மலை இறங்கியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருந்தது ஒரு காரணம். பெயரைவிட அவர்கள் செய்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த பட்டறையிலும் உங்களுக்கு உதவும் என்பது இன்னொரு காரணம். கலிஃபோர்னியாவில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே நாலைந்து பேர் பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் (அடிச்சட்டம்), வி10 பெட்ரோல் எஞ்சின். போன மார்ச்சில் வாங்கினோம். வாங்கின கையோடு லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் பூஜை போட்டோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாதான் குனிந்து குனிந்து ஒவ்வொரு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அங்கிருந்து நேராக ஆல்டமாண்ட் கணவாய். 1980களிலிருந்து காற்றாலைகள் சுற்றும் இடம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் பார்த்து வளர்ந்தவன் நான். காற்று எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு ஸ்டீயரிங்கை ஒரு நொடி தளர்த்த முடியவில்லை. இடது, வலது, இடது என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பெரிய டிரக் ஒன்று பின்னாலிருந்து வந்தால் அது தள்ளும் காற்று முதலில் நம் வாலை வெளியே தள்ளும். டிரக் பாதி தாண்டியதும் உள்ளே இழுக்கும். இருபது நிமிடத்தில் தோள்பட்டை இறுகிவிட்டது. "ஏங்க, இதை வெச்சுக்கிட்டா யோசெமிட்டி போகப் போறோம்?" என்றாள் மனைவி.

மோட்டார்ஹோம் அலைவதற்குக் காரணம் ஒன்று மட்டும் இருக்காது. ஃபோர்டு கொடுப்பது எஞ்சினும் சக்கரமும் உள்ள வெறும் சட்டம்தான். அதன்மேல் வேறொரு நிறுவனம் வீட்டைக் கட்டுகிறது. சட்டம் மட்டும் இருந்தபோது வைத்த அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள், கட்டிலும் ஃபிரிட்ஜும் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் ஏறிய பிறகு அப்படியே இருக்காது. போதாததற்குப் பின் ஆக்சிலுக்குப் பின்னாலும் பல அடி நீளம் வீடு நீண்டிருக்கிறது. காற்று அந்த வாலைத் தள்ளினால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். முன்னும் பின்னும் லாரிக்கு இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங். பின் ஆக்சில் பக்கவாட்டில் கொஞ்சம் நகரவும் அது இடம் கொடுக்கும். இவை தவிர டயர் காற்றழுத்தம், எடை எந்தப் பக்கம் அதிகம், தேய்ந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்), ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டம் என்று இன்னும் எத்தனையோ. எது காரணம் என்று அளந்து பார்க்காமல் சாமான் மாற்றுவது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்து எழுதுவது போலத்தான்.

இதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது.

நான் போன பட்டறை 99ஆம் நெடுஞ்சாலைப் பக்கம். பெரிய கொட்டகை, வாசலில் நாலைந்து மோட்டார்ஹோம், சுவரில் சான்றிதழ்கள். கவுண்டரில் இருந்தவர் நன்றாகப் பேசினார். வண்டியை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, "உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இதை ஓட்டாதீர்கள்" என்றார். அந்த ஒரு வரியில் என் யோசனை நின்றுபோனது. முழு பேக்கேஜ் போட்டால்தான் சரியாகும் என்று பட்டியல் சொன்னார்: ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் (ஸ்டீயரிங் ஆடாமல் பிடிக்கும் தண்டு), முன்னும் பின்னும் கனமான ஸ்வே பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி), பின்னால் டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), நாலு ஷாக் அப்சார்பர், கடைசியில் அலைன்மென்ட்.

அவர் எடை போடவில்லை. டயர் அழுத்தம் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. எஸ்டிமேட் காகிதத்தில் "சஸ்பென்ஷன் பேக்கேஜ், கூலி உட்பட" என்று ஒரே வரி, அதற்கு நேரே ஒரே தொகை. பாதியைச் செக்காகக் கொடுத்தேன், மீதியை வண்டி எடுக்கும்போது கிரெடிட் கார்டில்.

வண்டியை எடுத்த அன்று காற்றே இல்லை. ஸ்டீயரிங் இறுக்கமாக இருந்தது, வளைவில் சாய்வு குறைந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஸ்டீயரிங் சக்கரம் மட்டும் நேராக ஓடும்போது கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நின்றது. கேட்டதற்கு, "புது சாமான், 500 மைல் ஓடினால் பழகிவிடும்" என்றார்கள். அலைன்மென்ட் பிரிண்ட் கேட்டேன். மெஷினில் காகிதம் தீர்ந்துவிட்டது, மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றார்கள். அது வரவே இல்லை.

மே மாதக் கடைசி நீண்ட வார இறுதியில் மாலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஐ-5 நெடுஞ்சாலையில் போகும்போதே காற்று வந்தால் பழைய அலைச்சல் முக்கால்வாசி இருந்தது தெரிந்தது. ஆனாலும் செலவு செய்த மனம், குறைந்திருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டது. திரும்பி வரும் வழியில் டெஹோன் கணவாய். 4,144 அடி உயரத்திலிருந்து வடக்கே கிரேப்வைன் இறக்கம், 6 சதவீதச் சரிவு. டோ ஹால் பொத்தானை (இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைத் தடுக்க உதவுவது) போட்டு, கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதித்தேன். கீழே இறங்கிச் சமதளம் வந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்த மகன், "அப்பா, ஏதோ கருகுற வாசனை" என்றான்.

அடுத்த எக்ஸிட்டில் நிறுத்தினேன். டயர் சூடு பார்க்க வாங்கி வைத்திருந்த, துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இடது முன் சக்கர மையம் 140 டிகிரி ஃபாரன்ஹீட். வலது பக்கம் வந்து நீட்டினேன். 290. கருவிதான் தப்பு காட்டுகிறது என்று நினைத்து மறுபடி இடப்பக்கம் போய்ப் பார்த்தேன், 138. திரும்ப வலப்பக்கம், 286. சக்கரத்துக்கு அரை அடி தள்ளிக் கையை வைத்தாலே அனல் அடித்தது. அப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். "பிரேக்கு பிடிச்சிக்கிட்டு இருக்குடா மக்களே. இறக்கத்துல உண்டானது இல்ல, ரொம்ப நாளாவே பிடிச்சிக்கிட்டு இருக்கு" என்றார். வாங்கியதிலிருந்தே வண்டி கொஞ்சம் வலப்பக்கம் இழுத்ததை அவர் கவனித்திருக்கிறார். பட்டறையிலிருந்து வந்த பிறகு அந்த இழுப்பு இல்லாததால், சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அன்று இரவு பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் தங்கினோம். மறுநாள் காலை, டிரக்குகளுக்கு மட்டும் அலைன்மென்ட் செய்யும் ஒரு சின்ன இடத்துக்கு வண்டியை இழுவை வண்டியில் கொண்டுபோனோம். அறுபது வயது தாண்டிய மனிதர், மகனோடு நடத்துகிறார். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்ட முதல் கேள்வி: "எடை போட்டீர்களா?" இல்லை என்றேன். "அப்புறம் எதை வைத்து இத்தனை சாமான் மாட்டினார்கள்?" என்றார்.

அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டியதை என் ஃபோனில் படம் எடுத்தேன்.

முதலில் டை ராட். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி. சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பதை, அதாவது டோவை, மாற்ற வேண்டுமென்றால் இந்தக் கம்பியின் கிளாம்ப் நட்டைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த நட்டின்மேல் பழைய துருவும் சாலை மண்ணும் சேர்ந்து ஒரே ஓடு மாதிரி மூடியிருந்தது. ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. வருடக்கணக்கில் அதை யாரும் தொடவில்லை. நான் காசு கொடுத்த அலைன்மென்ட் அது.

பிறகு பின் ஸ்வே பார். கனமான புது பார் என்று வாங்கிய காசு. அவர் விரல் நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்து உள்ளே பழைய துரு தெரிந்தது. பார் பழையதேதான், ஸ்பிரே அடித்துவிட்டிருக்கிறார்கள். ஸ்பிரே பக்கத்திலிருந்த ரப்பர் புஷ் மேலும், பிரேக் ஹோஸ் மேலும் தூவலாகப் படிந்திருந்தது. ஷாக் அப்சார்பர் முன்னால் இரண்டு மட்டும் புதிது. பின்னால் இருந்தவை பழையவை, ஒன்றில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. டிராக் பார் உண்மையிலேயே புதிதுதான். ஆனால் சட்டத்தோடு சேரும் போல்ட்டுகளில் இரண்டைக் கையாலேயே அரைச் சுற்றுத் திருப்ப முடிந்தது.

கடைசியாக ஸ்டெபிலைசர். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர் மோசமான சாமான் அல்ல. ஓட்டத்தில் முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகாமல் அது தாங்கும். ஸ்பிரிங் உள்ள வகை ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவரவும் உதவும். ஆனால் அதன் கிளாம்பை எங்கே இறுக்குகிறோமோ அதுதான் அதற்கு 'நடு'. என் வண்டியில் கிளாம்பை நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி இறுக்கியிருந்தார்கள். வலது முன் சக்கரத்தில், பிரேக் கட்டையை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி துருவேறி இறுகி, பிரேக் கட்டை டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருந்தது. அதனால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. அந்த இழுப்பை ஸ்பிரிங்கால் இடப்பக்கம் தள்ளிச் சமன் செய்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, அவர் வளாகத்துக்குள்ளேயே மெதுவாக உருட்டிக் காட்டினார். கையை எடுத்ததும் வண்டி வலப்பக்கம் திரும்பியது. யாரோ ஒருவர் இந்த இழுப்பைக் கவனித்திருக்கிறார், பிறகுதான் கிளாம்பைத் தள்ளியிருக்கிறார். தெரியாமல் நடந்த தவறாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பெரியவர் செய்த வேலையையும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசைதான் முக்கியம். முதலில் காலிப்பரும் பிரேக் கட்டையும், கூடவே தளர்ந்திருந்த போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்கியது. அடுத்து எங்களை டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைக்கு அனுப்பினார். தொட்டி நிறையத் தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும். இருபது டாலருக்குள் முடிந்த காரியம். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடை காட்டும் சீட்டு கொடுத்தார்கள்: முன்னால் 6,840 பவுண்டு, பின்னால் 13,260. மொத்த வரம்பான 20,500க்குள் இருந்தது, ஆனால் பின்பக்கம் பாரம் அதிகம். கடைசி அறையின் அடியில் நான் அடுக்கியிருந்த டூல் பெட்டி, மடக்கு நாற்காலிகள், கார்பெட் சுருள் எல்லாவற்றையும் ஆக்சில்களுக்கு நடுவே இருக்கும் அறைக்கு மாற்றச் சொன்னார். பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு பாரமும் சீசா போல முன் சக்கரத்தைத் தூக்கும். முன்னால் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங்குக்குப் பிடிப்பு ஏது?

பிறகு டயர். பட்டறையில் எல்லா டயருக்கும் 110 பிஎஸ்ஐ அடித்திருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் அது. அதிகபட்ச பாரத்துக்கான அழுத்தம்தான் அங்கே எழுதியிருக்கும், எல்லா வண்டிக்கும் அதே அளவு அடிக்கச் சொல்வதல்ல. டயர் கம்பெனியின் பார அட்டவணையில் என் முன் சக்கர எடைக்கு நேரே பார்த்து 85க்கு இறக்கினார். (உங்கள் டயருக்கும் எடைக்கும் எண் வேறாக இருக்கும், என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.) 110இல் டயர் பாறை மாதிரி உருண்டு, நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொட்டிருக்கிறது. சாலையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அலைன்மென்ட், ஏறக்குறைய பயணத்தில் இருக்கும் அதே பாரத்தோடு. டோ வெளிநோக்கி விரிந்திருந்தது. கேஸ்டர் இடப்பக்கம் 2.6 டிகிரி, வலப்பக்கம் 2.3. கேஸ்டர் என்றால் என்ன என்று சைக்கிளை வைத்துச் சொன்னார். சைக்கிளின் முன் ஃபோர்க் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லவா, கையை லேசாக விட்டாலும் அது நேராகப் போக அந்தச் சாய்வும் உதவுகிறது. அதே சாய்வுதான் இங்கேயும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து நாலரை டிகிரிக்குக் கொண்டுவந்தார். செய்வதற்கு முன் என்ன இருந்தது, செய்த பிறகு என்ன ஆனது என்று இரண்டு பத்தியாக அச்சிட்ட காகிதத்தைக் கையில் கொடுத்தார். 420 டாலர்.

இன்னொன்று அவர் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தது. என் சேசிஸில் ஸ்வே பாரின் நுனியில் இரண்டு துளைகள் இருக்கின்றன. இணைப்புக் கம்பி வெளித் துளையில் இருந்தது. அதை உள் துளைக்கு மாற்றினால் நெம்புகோலின் நீளம் குறைந்து, அதே பழைய பார் இன்னும் விறைப்பாக வேலை செய்யும். எஃப்-53 வைத்திருப்பவர்களிடையே நெடுங்காலமாகத் தெரிந்த விஷயமாம். போல்ட்டைக் கழற்றி மாட்டும் உழைப்பு மட்டும்தான் செலவு. முன்னும் பின்னும் மாற்றினோம். புது ஸ்வே பார் இல்லாமலேயே வளைவில் சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது.

டிராக் பாரைக் கழற்றவில்லை. பின் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்க அது உண்மையிலேயே உதவுகிறது. ஸ்டெபிலைசரையும் வைத்துக்கொண்டோம், ஆனால் எல்லாம் முடிந்து வண்டி தானாக நேராக ஓடுகிறது என்று பார்த்த பிறகு, நடுவில் வைத்து இறுக்கினார். ஸ்டெபிலைசர் கடைசியில் வர வேண்டிய சாமான். அதை முதல் மருந்தாக யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். படங்களோடு பட்டறைக்குப் போனேன். முதலில் மறுத்தார்கள், பிறகு வேறு யாரோ கழற்றிய வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கலிஃபோர்னியாவில் வண்டிப் பட்டறைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர். வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் கொடுப்பதும், தொகை கூடினால் நம் ஒப்புதல் வாங்குவதும் இங்கே சட்டப்படி கட்டாயம். வேலையைக் கொடுக்கும்போதே கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அந்த உரிமை எனக்கு அப்போது தெரிந்திருந்தால், பழைய ஸ்வே பாரைக் காட்டு என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். அந்த அமைப்பில் இணையத்தில் புகார் பதிந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் இரு தரப்போடும் பேசுவார்கள். பேசிய பிறகு ஸ்வே பார், பின் ஷாக், அலைன்மென்ட் மூன்றுக்குமாக 2,240 டாலர் திரும்பி வந்தது. மீதிக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) மனு கொடுத்திருக்கிறேன். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், விசாரணையில் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது.

ஒன்று தெளிவாகச் சொல்கிறேன்: கோர்ட்டிலும் புகாரிலும் எனக்குக் கை கொடுப்பவை துரு மூடிய அந்த நட்டின் படமும், எடைச் சீட்டும், இரண்டாவது இடத்தில் எடுத்த அலைன்மென்ட் காகிதமும்தான். முதல் பட்டறையின் ஒரு வரி எஸ்டிமேட் எனக்கு எதிராகத்தான் நின்றது. ஒவ்வொரு சாமானுக்கும் பார்ட் நம்பரும் விலையும் தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தால், எது வந்தது எது வரவில்லை என்று இவ்வளவு போராட வேண்டியிருந்திருக்காது. வண்டியை விடும் முன் நீங்களே ஃபோனோடு அடியில் படுத்து டை ராட், ஷாக், ஸ்வே பார் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் படுங்கள், வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் லெவலிங் ஜாக்கில் தூக்கி நிற்கும்போது மட்டும் அடியில் போகவே போகாதீர்கள்.

போன மாதம் மறுபடி ஆல்டமாண்ட் தாண்டினோம். காற்று இருந்தது. டிரக் தாண்டும்போது வண்டி ஒரு அசைவு அசைந்து தானே நேரானது, நான் ஒரு கையால் பிடித்திருந்தேன். அப்பா ஊருக்குப் போய்விட்டார், ஃபோனில் சொன்னேன். "பிரேக்கு சூடு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், இரண்டு பக்கமும் பத்து டிகிரி வித்தியாசத்துக்குள். அந்தப் பெரியவர் டை ராட் நட்டை இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து கிளாம்ப் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். நட் அசைந்தால் கோடு உடையும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அடியில் படுத்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன்.